காந்தி அணுகுண்டு வீசினாரா? பழைய கேமைக் கேட்டால் தெரியும்!

இணையத்தில் வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும் கதை இது. 1991-ல் வெளிவந்த 'சிவிலைசேஷன்' என்ற கம்ப்யூட்டர் கேமில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தலைவர். இந்தியாவுக்குக் காந்தி. யார் வம்புதும்புக்கும் போகாத மனிதர் என்பதால், அவருடைய சண்டைக் குணத்துக்கு வெறும் 1 மதிப்பெண்தான் கொடுத்திருந்தார்களாம். நாடு ஜனநாயகத்துக்கு மாறினால் எந்தத் தலைவருக்கும் அந்த மதிப்பெண்ணில் 2 குறையுமாம். 1-லிருந்து 2 போனால் மைனஸ் 1. ஆனால், கேமுக்குள் அந்த இடத்தில் 0 முதல் 255 வரைதான் எண்கள். மைனஸுக்கு இடமில்லை. எண் ஒரு சுற்று சுற்றி 255-ல் போய் நின்றுவிட்டது. அவ்வளவுதான்... அதுவரை ராட்டை சுற்றிக்கொண்டிருந்த காந்தி, அணுகுண்டைத் தூக்கிக்கொண்டு அக்கம்பக்கத்து நாடுகள் மீது பாய்ந்துவிட்டார்!

கேட்கச் சுவையான கதை. ஒரு சின்ன எண் பிழை எவ்வளவு பெரிய வினையாகும் என்பதற்கு உதாரணமாகவும் பலர் இதைச் சொல்வார்கள். ஒரே ஒரு குறை, அப்படி எதுவும் நடக்கவில்லை.

அந்த கேமை உருவாக்கிய சிட் மேயர், 2020-ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் இதை மறுத்திருக்கிறார். ஜனநாயகத்துக்கு மாறினால் குணம் மாறும் என்ற கணக்கே கேமில் கிடையாது. சாந்தமான மற்ற தலைவர்கள் எப்படியோ, அப்படித்தான் காந்தியும். அணுகுண்டு கையில் இருந்து போரும் மூண்டால், மற்றவர்களைப் போல அவரும் பயன்படுத்துவார். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஆனால், கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. 2010-ல் வந்த 'சிவிலைசேஷன் 5'-ல் காந்தி நிஜமாகவே அணுகுண்டுப் பிரியர்! அங்கே அணுகுண்டு ஆசைக்கு அதிகபட்ச மதிப்பெண் 10. ஒவ்வோர் ஆட்டத்திலும் அது இரண்டு புள்ளி வரை ஏறலாம், இறங்கலாம். காந்திக்கு மட்டும் வேண்டுமென்றே 12 கொடுத்துவைத்தார்கள். இரண்டு குறைந்தாலும் 10-க்குக் கீழே போகாது. கேமை உருவாக்கியவர்கள் செய்த குறும்பு அது.

ஆகவே, 'காந்தி அணுகுண்டு வீசினாரா?' என்று யாராவது கேட்டால், 'எந்த வெர்ஷனில்?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். 1991-ன் கேம் இன்றும் ஓடுகிறது. சந்தேகம் உள்ளவர்கள் விளையாடிப் பார்த்துக்கொள்ளலாம். அது ஓடாமல் போயிருந்தால்? லட்சக்கணக்கானோர் திரும்பத் திரும்பச் சொன்ன கதைக்கு எதிராக, ஒரு மனிதரின் ஞாபகம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

புள்ளி மாறினால் கோலம் மாறும்

சினிமாவிலும் பழைய பிரின்ட், புதிய பிரின்ட் என்று உண்டு. நிறம் கொஞ்சம் மாறும், சத்தம் தெளிவாகும், கதை அதேதான். வியூக விளையாட்டுகள் எனப்படும் ஸ்ட்ராட்டஜி கேம்கள் அப்படி இல்லை. அங்கே கதையைவிடக் கணக்குதான் முக்கியம். ஒரு வீரனை உருவாக்க எவ்வளவு தானியம் வேண்டும், கோட்டைச் சுவர் எத்தனை அடி தாங்கும், ஒரு குதிரை எவ்வளவு வேகத்தில் ஓடும்... இப்படி ஆயிரக்கணக்கான எண்கள் சேர்ந்ததுதான் ஆட்டம். குழம்பில் உப்பு அரை ஸ்பூன் கூடினால் ருசியே மாறுவதைப் போல, இதில் ஓர் எண் மாறினால் போதும். நேற்று வரை ஜெயித்த வியூகம் இன்று தோற்கும்.

இது கம்ப்யூட்டரோடு வந்த விஷயமும் இல்லை. சதுரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரசீகம், அரபு நாடுகள் வழியாகப் பரவிய பழைய சதுரங்கத்தில் ராணியே கிடையாது. அந்தக் கட்டத்தில் இருந்தவர் மந்திரி. அவரால் குறுக்கே ஒரே ஒரு கட்டம்தான் நகர முடியும். இன்றைய ராணியின் பலம் ஐரோப்பாவில் 15-ம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. 10-ம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அஸ்-சூலி என்ற மேதை, அந்தப் பழைய விதிகளை வைத்து ஒரு புதிர் போட்டார். சுமார் ஆயிரம் வருடங்கள் அதற்கு விடை கிடைக்கவில்லை. 1980-களில் ரஷ்ய கிராண்ட் மாஸ்டர் யூரி அவெர்பாக் அதை விடுவித்தார். இன்றைய ராணியை அந்தப் பலகையில் வைத்தால் புதிரே இருக்காது. பழைய விதிகளை யாரோ சுவடிகளில் எழுதிவைத்ததால்தான் ஆயிரம் வருடம் கழித்தும் ஒருவர் அந்த ஆட்டத்துக்குள் நுழைய முடிந்தது.

கம்ப்யூட்டர் கேமில் இதே விஷயம் இன்னும் கூர்மையாக வெளிப்படும். 1998-ல் ப்ளிஸார்டு நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டார்கிராஃப்ட்' என்ற கேம், தென் கொரியாவில் கிரிக்கெட் போல டி.வி-யில் ஒளிபரப்பாகும் அளவுக்குப் புகழ் பெற்றது. அதில் ஆடி முடித்த ஆட்டத்தை 'ரீப்ளே'யாகச் சேமித்துவைக்கலாம். அந்தக் கோப்பு மிகச் சிறியது. காரணம், அதில் வீடியோ இல்லை. எந்த நொடியில் யார் எந்த உத்தரவைக் கொடுத்தார் என்ற பட்டியல் மட்டும்தான் இருக்கும். அதைத் திறக்கும்போது, கேம் அந்த உத்தரவுகளை வரிசையாக நிறைவேற்றி முழுப் போரையும் மறுபடி நடத்திக்காட்டும்.

கோலத்தை வாயால் சொல்லிக்கொடுப்பது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 'மூன்றாவது புள்ளியிலிருந்து வளைத்து ஐந்தாவது புள்ளிக்குக் கொண்டுவா' என்று சொல்லலாம். ஆனால், கேட்பவர் வைத்திருக்கும் புள்ளி வரிசையே வேறு என்றால் கோலம் என்ன ஆகும்? அப்டேட்டில் ஒரு வீரனின் பலம் ஒரு புள்ளி மாறினாலும் பழைய ரீப்ளே தடம் புரண்டுவிடும். சாக வேண்டியவன் பிழைப்பான், ஜெயித்தவர் தோற்பதுபோல் தெரியும். அன்றைய ஆட்டத்தை அன்று நடந்தபடியே பார்க்க வேண்டுமானால், அன்றைய வெர்ஷன் கையில் இருந்தாக வேண்டும்.

இதே ஸ்டார்கிராஃப்டின் 1.16.1 என்ற வெர்ஷன் 2009-ல் வந்தது. செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியாளர்கள் 2010-லிருந்து தங்கள் புரோகிராம்களை இந்த கேமில் மோதவிட்டுப் போட்டி நடத்தினார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தும் கருவி 1.16.1-ஐ நம்பி எழுதப்பட்டது. 2017-ல் புதிய அப்டேட்டும், பளபளவென்று மெருகேற்றிய பதிப்பும் வந்த பிறகும் அவர்கள் அந்தப் பழைய வெர்ஷனை விடவில்லை. வெர்ஷன் மாறினால், புரோகிராம்களை வருடா வருடம் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலே மாறிவிடும் அல்லவா?

ஒரு கேம் எப்படிச் சாகிறது?

'கம்ப்யூட்டர் ஃபைல்தானே, அதற்கென்ன சாவு?' என்று தோன்றலாம். புத்தகத்தைக் கரையான் அரிக்க நூறு வருடம் ஆகலாம். கேம் செத்துப்போக பத்துப் பதினைந்து வருடம் போதும்.

முதல் எதிரி, வேகம். பழைய டாஸ் காலத்து கேம்கள் பலவும் கம்ப்யூட்டரின் வேகத்தையே கடிகாரமாக வைத்து ஓடியவை. அவற்றை இன்றைய கம்ப்யூட்டரில் அப்படியே போட்டால், ராக்கெட் வேகத்தில் ஓடி, கண் இமைப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

இரண்டாவது, தட்டு. ஃப்ளாப்பியின் காந்தப் பதிவு மங்கும். சி.டி-யின் பளபளப்பான உலோகப் பூச்சு காற்று பட்டு அரிக்கும். மேலே கீறல் ஒன்றும் இல்லாமலிருந்தாலும் உள்ளே படிக்க முடியாமல் போகும்.

மூன்றாவது, பூட்டு. திருட்டு காப்பியைத் தடுக்க, 90-களின் கடைசியிலிருந்து பல கேம் சி.டி-களில் 'சேஃப்டிஸ்க்' என்ற பூட்டு போட்டார்கள். அந்தப் பூட்டைத் திறக்கும் மென்பொருள் விண்டோஸுக்குள்ளேயே இருந்தது. அதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது தெரிந்ததும், 2015-ல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்க மறுத்தது. அதே வருடம் விண்டோஸ் 7, 8-லும் அப்டேட் மூலம் அதை முடக்கினார்கள். விளைவு? கடையில் காசு கொடுத்து வாங்கிய நல்ல சி.டி. ஓடவில்லை. பூட்டை உடைத்த திருட்டு காப்பிகள் ஜோராக ஓடின!

சிவிலைசேஷனில் வேறு மாதிரியான பூட்டு இருந்தது. ஆட்டத்துக்கு நடுவே திடீரென்று ஒரு கேள்வி வரும். விடை, கேமோடு வந்த தடித்த கையேட்டில் இருக்கும். கையேட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டவர் பாடு திண்டாட்டம்தான். கேமைக் காப்பாற்றுவது என்றால் அதோடு வந்த காகிதத்தையும் சேர்த்துக் காப்பாற்றுவது என்பதைப் பலர் இதில்தான் கற்றுக்கொண்டார்கள்.

நான்காவது, சர்வர். இணையம் வழியாக நண்பர்களோடு ஆடும் கேம்களுக்கு நடுவில் ஒரு சர்வர் வேண்டும். 'கேம்ஸ்பை' என்ற நிறுவனம் நூற்றுக்கணக்கான கேம்களுக்கு அந்தச் சேவையைத் தந்துவந்தது. 2014 மே மாதத்தோடு கடையை மூடியது. 'கமாண்ட் அண்ட் கான்கர்' வரிசையின் சில கேம்கள் ஒரே நாளில் ஊமையாயின. ரசிகர்கள் தாங்களே சொந்தமாக சர்வர் அமைத்து அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள்.

புதுசு கொடுத்துப் பழசைப் பிடுங்கினால்...

மேலே சொன்ன நான்கும் காலத்தின் கோலம் என்று விட்டுவிடலாம். ஐந்தாவது ஒன்று இருக்கிறது. அது மனிதர்கள் செய்வது.

2002-ல் வந்த 'வார்கிராஃப்ட் 3' லேசுப்பட்ட கேம் அல்ல. அதனோடு வந்த வரைபடக் கருவியை வைத்து ரசிகர்கள் தாங்களே புதுப்புது ஆட்டங்களை உருவாக்கினார்கள். இன்று உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் பரிசுப் பணம் புரளும் 'டோட்டா' அப்படி ஒரு ரசிகர் வரைபடமாகப் பிறந்ததுதான்.

2020 ஜனவரி 28-ல் இதன் புதுப்பித்த பதிப்பான 'ரீஃபோர்ஜ்டு' வெளியானது. புதியதை வாங்கியவர்கள் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் அது சாதாரணப் புகார். ஆனால், வாங்காதவர்களும் பாதிக்கப்பட்டார்கள். இணையத்தில் ஆட வேண்டுமானால் பழைய கேம் வைத்திருந்தவர்களும் புதிய வெர்ஷனுக்கு மாறியே ஆக வேண்டும் என்றானது. சின்னதாக இருந்த கேம் சுமார் 30 ஜிபி அளவுக்கு வீங்கியது. ரசிகர் குழுக்கள், தரவரிசைப் போட்டி என்று பழையதில் இருந்த வசதிகள் புதியதில் காணவில்லை. கொதித்துப்போனார்கள் ரசிகர்கள். கேட்டவர்களுக்கு நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால், அவர்கள் கேட்டது பணத்தை மட்டும் இல்லையே! பழைய சி.டி-யை வைத்திருந்து, அப்டேட் செய்யாமல் விட்டவர்களிடம்தான் அந்த 2002-ன் ஆட்டம் முழுசாக மிஞ்சியது.

வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர், பழைய நிலைக்கதவைக் கழற்றிக்கொண்டு போன கதைதான் இது.

இதே போல இன்னொன்று. 1999-ல் வந்த 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3'. உருவாக்கிய நிறுவனம் பிற்பாடு மூடப்பட்டு, கேமின் உரிமை யூபிசாஃப்டுக்குப் போனது. 2015-ல் யூபிசாஃப்ட் இதை எச்.டி. தரத்தில் மெருகேற்றி வெளியிட்டது. ஆனால், ரசிகர்கள் உயிராக நினைத்த இரண்டு கூடுதல் பாகங்கள் அதில் இல்லை. அவற்றின் மூல நிரல் சரியாகக் கிடைக்கவில்லை என்பதே காரணம். விலை கொடுத்து வாங்கிய உரிமை பெட்டியில் இருக்கிறது, பொருளைக் காணவில்லை! இன்றும் பலர் ஆடுவது பழைய முழுப் பதிப்பைத்தான்.

காப்பாற்றியது யார்?

பெரும்பாலும் விளையாடியவர்களேதான்.

2002-ல் 'டாஸ்பாக்ஸ்' என்ற இலவச மென்பொருள் வந்தது. இன்றைய கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரை வேஷம் கட்டி ஆடவைக்கும் வித்தை அது. வேகத்தையும் நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். இதன் துணையோடு, 2015 ஜனவரியில் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்ற டிஜிட்டல் நூலகம், சுமார் 2,400 டாஸ் கேம்களை பிரவுசரிலேயே ஆடும்படி திறந்துவைத்தது. எதையும் டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை. செல்போனிலும் எட்டிப்பார்க்கலாம். ஆனால், கீபோர்டும் மவுஸும் இல்லாமல் ஆடுவது சிரமம்.

போலந்தைச் சேர்ந்த 'ஜி.ஓ.ஜி.' 2008-ல் கடை விரித்தது. பழைய கேம்களை இன்றைய விண்டோஸில் ஓடும்படி சீர்செய்து, பூட்டே இல்லாமல் விற்பது அவர்கள் வழக்கம். வாங்கிய கேமின் கோப்பை நம் ஹார்டு டிஸ்க்கில் எடுத்துவைத்துக்கொள்ளலாம். 2024 நவம்பரில், 100 பழைய கேம்களைத் தொடர்ந்து ஓடவைக்கும் பொறுப்பு தங்களுடையது என்று ஒரு திட்டத்தையே அறிவித்தார்கள். அடுத்த மாதமே ஒரு சோதனை. ப்ளிஸார்டு நிறுவனம் தன் முதல் இரண்டு வார்கிராஃப்ட் கேம்களையும் அந்தக் கடையிலிருந்து எடுத்துக்கொண்டது. விற்பனை நின்றது. ஏற்கெனவே வாங்கியவர்களிடம் இருப்பது மட்டும் இருக்கிறது.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1994-ல் கிறிஸ் சாயர் என்ற தனி மனிதர் எழுதிய 'டிரான்ஸ்போர்ட் டைகூன்' என்ற ரயில், பஸ் நிர்வாக கேமை ரசிகர்கள் உள்ளே புகுந்து படித்து, அதேபோல் நடக்கும்படி புதிதாக எழுதினார்கள். 2004-ல் அது 'ஓப்பன்டிடிடி' என்ற பெயரில் வெளியானது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். பழைய 'டீலக்ஸ்' பதிப்பில் சேமித்துவைத்த ஆட்டத்தையும் அது திறக்கும். முப்பது வருடத்துக்கு முன் பாதியில் விட்ட ரயில் பாதையை இன்று தொடரலாம்!

மேலே சொன்ன 'ஹீரோஸ் 3'-க்கும் இப்படி ஒரு ரசிகர் முயற்சி உண்டு. பெயர் 'விசிஎம்ஐ'. ஒரிஜினல் கேமின் கோப்புகள் கையில் இருந்தால் ஆண்ட்ராய்டு போனிலேயே ஆடலாம்.

நிறுவனங்களும் சில நேரம் மனம் இறங்குவதுண்டு. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 'கமாண்ட் அண்ட் கான்கர்' கேம்களின் மூல நிரலை 2020-ல் ஓரளவும், 2025 பிப்ரவரியில் இன்னும் பல கேம்களுக்கு விரிவாகவும் பொதுவெளியில் வைத்தது. சமையல்காரர் தன் கைப்பக்குவத்தையே எழுதிக்கொடுத்த மாதிரி. இனி அந்த நிறுவனமே இல்லாமல் போனாலும் அந்த கேம்கள் சாகாது.

நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டியது வெளியே எங்கெங்கோ கிடப்பதும் நடக்கிறது. 2017-ல் ஒருவர் இணையத்தில் வாங்கிய பழைய பொருட்கள் பெட்டியில் ஒரு சி.டி. இருந்தது. எடுத்துப் பார்த்தால், ஸ்டார்கிராஃப்டின் மூல நிரல்! அவர் அதை ப்ளிஸார்டுக்கே திருப்பி அனுப்பினார். நன்றி சொல்லிப் பரிசுகளோடு தங்கள் விழாவுக்கும் அழைத்தது நிறுவனம்.

தமிழ் பேசும் படை

ரசிகர்களின் வேலைக்குத் தமிழர்களும் கடன்பட்டிருக்கிறார்கள். 1999-ல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'-ஐ மைக்ரோசாஃப்ட் ஏறக்குறைய மறந்திருந்த காலத்தில், ஒரு ரசிகர் குழு 2012-ல் சொந்தமாக ஒரு கூடுதல் பாகத்தை உருவாக்கியது. அது பிடித்துப்போய், அடுத்த வருடமே அந்தப் பாகம் அதிகாரப்பூர்வமாக வெளியானது. அதில்தான் 'இந்தியர்கள்' முதன்முதலாக அந்த கேமுக்குள் வந்தார்கள்.

மொத்த இந்தியாவும் ஒரே படையா என்ற கேள்விக்கு 2022 ஏப்ரலில் பதில் வந்தது. 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற பாகத்தில் திராவிடர்கள், வங்காளிகள், கூர்ஜரர்கள் தனித்தனிப் படைகளாக வந்தார்கள். திராவிடப் படையின் வீரர்கள் பேசுவது தமிழ். சுருள்வாளான உருமியைச் சுழற்றும் வீரன் உண்டு. 'திரிசடை' என்ற போர்க்கப்பல் உண்டு. கங்கையும் கடாரமும் கொண்ட ராஜேந்திர சோழனின் கதையை ஆடலாம்.

சந்தோஷமான செய்திதான். ஆனால், பழைய 'இந்தியர்கள்' என்ன ஆனார்கள்? பெயர் 'ஹிந்துஸ்தானிகள்' என மாறியது. அவர்களுக்கே உரியவனாக இருந்த யானை மேல் வில்லாளி மற்ற இந்தியப் படைகளுக்குப் போனான். 2013 முதல் 2022 வரை ஆடிய அந்த ஒற்றை 'இந்தியர்' படை, புதிய பதிப்பில் இப்போது இல்லை. பழைய எச்.டி. பதிப்பை வைத்திருப்பவர்களிடம் இருக்கிறது. புதியது மேல் என்றே வைத்துக்கொண்டாலும், இந்தியாவை வெளியுலகம் முதலில் எப்படிப் பார்த்தது, பிறகு எப்படித் திருத்திக்கொண்டது என்று நாளைக்கு ஒரு மாணவர் ஒப்பிட நினைத்தால் இரண்டும் வேண்டுமே!

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' 2023-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்த நாட்டில் 2010-க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 சதவிகிதம் இப்போது கடைகளில் விற்பனைக்கே இல்லை. நூலகங்கள் அவற்றைச் சேர்த்துவைக்கலாம். ஆனால், வீட்டிலிருந்தபடி இணையம் வழியாக ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுக்க அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. ஆராய்ச்சி என்ற பெயரில் பொழுதுபோக்காக ஆடுவார்கள் என்பது எதிர்ப்பாளர்களின் கவலை. நாவலை ஆராய்ச்சி செய்பவர் அதை ரசித்துப் படித்துவிடுவாரே என்று நூலகத்தைப் பூட்டுவது போலிருக்கிறது இது.

நம் நாட்டில்? 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்ப்யூட்டர் புரோகிராமின் காப்பியை முறையாக வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ கெட்டுப்போனாலோ உதவும் என்பதற்காக ஒரு பாதுகாப்பு நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. சொந்த உபயோகத்துக்கு மட்டும். நகல் எடுத்து ஊருக்கெல்லாம் கொடுப்பதற்கோ, விற்பதற்கோ அல்ல. 'பழைய கேம்தானே, யார் கேட்கப்போகிறார்கள்' என்று கண்ட தளங்களில் டவுன்லோடு செய்வது சட்டப்படி தவறு. கூடவே வைரஸும் வந்து உட்காரும்.

உங்கள் வீட்டு அலமாரியில்...

பழைய கேம் சி.டி. இருக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

1. சி.டி-யை அப்படியே ஒரு ஐ.எஸ்.ஓ. கோப்பாக மாற்றி ஹார்டு டிஸ்க்கில் சேமியுங்கள். ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு இடங்களில் வையுங்கள். சி.டி. டிரைவ் உள்ள கம்ப்யூட்டர் நாளுக்கு நாள் அரிதாகிறது. தள்ளிப்போடாதீர்கள். பூட்டு போட்ட சி.டி. சரியாக நகலாகாமல் போகலாம். அப்படியானால், பூட்டில்லாத பதிப்பு முறையான கடையில் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

2. அட்டைப்பெட்டி, கையேடு, சி.டி. உறையில் ஒட்டியிருக்கும் 'கீ' எண் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். கீ எண் இல்லாத சி.டி., சாவி இல்லாத பீரோ.

3. எந்த வெர்ஷன் என்று எழுதிவையுங்கள். பெரும்பாலான கேம்களில் முதல் திரையின் ஓரத்திலேயே அந்த எண் இருக்கும். பேட்ச் கோப்புகளைத் தனியாக டவுன்லோடு செய்து வைத்திருந்தால் அவற்றையும் சேர்த்துவையுங்கள்.

4. சேமித்த ஆட்டங்களையும் ரீப்ளேக்களையும் மறக்காதீர்கள். கேம் கடையில் கிடைத்தாலும் கிடைக்கும். உங்கள் பிள்ளையோ தம்பியோ 2005-ல் ஆடிய ஆட்டம் உலகத்தில் உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும்.

5. ஸ்டீம் போன்ற தளங்களில் வாங்கியிருந்தால், கேமின் செட்டிங்ஸில் 'பீட்டா' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். 'யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4' போன்ற சில வியூக கேம்களுக்குப் பழைய வெர்ஷன்களை அங்கேயே தருகிறார்கள். பாதியில் நிற்கும் ஆட்டத்தை முடிக்கும்வரை பழையதிலேயே இருக்கலாம்.

6. கடைசியாக, ஒருமுறை போட்டு ஆடிப்பாருங்கள். ஓடவில்லை என்பது இன்று தெரிந்தால் சரிசெய்ய வழி தேடலாம். பத்து வருடம் கழித்துத் தெரிந்தால், தேடும் வழியே மூடியிருக்கலாம்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்து, 'இது என்ன படம் இவ்வளவு மோசமாக இருக்கு?' என்று வீட்டுப் பிள்ளைகள் கண்டிப்பாகக் கிண்டலடிப்பார்கள். மவுஸை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். அரை மணி நேரம் கழித்துத் திரும்பக் கேட்டுப் பாருங்கள், கொடுக்கிறார்களா என்று!